இரைச்சல் நீக்கம்

புதுப்பதிப்பு தயார் என்றது கைபேசி.
இரண்டு புள்ளி நான்கு ஜிபி.
ஆடி மாதம் தேவாலாவில்
ஒரு காலை வணக்கப் படமே
பாதிப் பூவோடு நின்றுவிடும்.

ஃபேக்டரியில் கொழுந்து எடை எழுதுகிறவன் நான்.
மேஸ்திரியிடம் காய்ச்சல் என்றேன்.
முழுப் பொய்யில்லை.
பதிப்பு எண் மாறுகிற நாளில்
எனக்கு உள்ளங்கை சுடும்.

நாடுகாணி வளைவில்
நாட்டைக் கண்டதில்லை இதுவரை,
மஞ்சுதான்.
ஆனால் நாலு கோடு காணலாம்.
அந்தக் கோட்டுக்காக ஏறினேன்,
பவர் பேங்க் இரண்டு, வயர் மூன்று,
மழைக்கோட்டுக்குள் நெஞ்சோடு போன்.
கீழே நிலம்பூர்ப் பக்கத்து டவர் எட்டிப் பிடிக்க
கேரளம் வரவேற்கிறது என்று குறுஞ்செய்தி.
நின்ற இடத்திலேயே மாநிலம் தாண்டியாயிற்று.

டீக்கடை ரம்லத் அக்காவுக்குப் பழக்கம்தான்.
"இன்னிக்கு எத்தன பர்சன்ட்?"
முதல் டீயில் பதினொன்று.
பருப்புவடையில் நாற்பது.
அறுபத்தேழில் முக்கால் மணி நேரம் நின்றது.
அக்கா தானே வந்து
திரையை ஒருமுறை முந்தானையால் துடைத்தார்.
அறுபத்தெட்டு.

வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.
அரிசி டிரம்மில் அரிசியோடு
இரண்டு பழைய போன், ஒரு ஹெட்செட்.
செருப்புப் பெட்டியில் வருகிற
தின்னக்கூடாத சின்னப் பொட்டலங்களை
பஜாரெல்லாம் கேட்டு வாங்கிச் சேர்த்திருக்கிறேன்.
அப்படியும் கேமராவின் கண்ணுக்குள்
பூஞ்சை பூத்துவிட்டது.
நிலாவை எடுத்தால்
வேர்விட்ட நிலா.
கைக்கடிகாரம் இன்னும் மோசம்.
காற்றழுத்தம் இறங்கினால்
நான் ஏறுகிறேன் என்று அதன் கணக்கு.
போன புயலில் தூங்கிக் கிடந்தவனை
எண்பது மீட்டர் ஏற்றிவிட்டு
விடிந்ததும் வாழ்த்துச் சொன்னது.

இரவு எட்டரைக்குத் திருப்பூரிலிருந்து ஜெசிந்தா.
நிச்சயம் முடிந்து நாலு மாதம்.
பனியன் கம்பெனிக் கணக்கை மூடிவிட்டு
ஹாஸ்டல் மொட்டைமாடிக்கு வந்து பேசுவாள்.
எப்போதும் எடுத்ததுமே,
"என்ன, தகரம் இந்த அடி அடிக்குது?"
அன்றைக்கு,

"மழ விட்டுருச்சா?"

"எங்க விட்டுச்சு. ஊத்துது."

"கேக்கலையே.
பக்கத்து ரூம்ல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு.
எங்க இருக்கீங்க?
நெசமா சொல்லுங்க."

கதவைத் திறந்து
இருட்டுக்குள் கையை நீட்டினேன்.
ஓட்டைக் குடம் நிரம்பி வழிந்து
வாசலே வாய்க்காலாகிக் கிடந்தது.
முழங்கை வரை நனைந்தேன்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

அப்போதுதான் உறைத்தது.
புதுச் சிறப்புகளில் ஆறாவது.
ரம்லத் அக்காவுக்கு நானே வாசித்துக் காட்டியது.
பின்னணி இரைச்சல் தானாக நீங்கும்.
மழை என்று அதில் போடவில்லை.
இது பேச்சு, இது குப்பை என்று
அதற்குப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தவர்
தகரத்துக்குக் கீழே
ஒரு ராத்திரியும் படுத்திருக்க மாட்டார்.

அமைப்புகள். அழைப்பு. மேலும்.
மேலுமுக்குள் இன்னொரு மேலும்.
வந்த வசதி எதையும்
நான் அணைத்ததில்லை அதுவரை.
விரல் ஈரமென்று
மூன்று முறை மறுத்துவிட்டு
நான்காவதில் அணைந்தது.

திரும்ப அழைத்தேன்.
ஒரே நேரத்தில் எல்லாம் போயிருக்க வேண்டும் அவளிடம்:
தகரம், தவளை,
அடுத்த லைனில் யாரோ மிக்ஸி போடுவது,
மிக்ஸிக்குக் குரைக்கிற நாய்.

கொஞ்ச நேரம் அவள் பேசவே இல்லை.
பிறகு,
"ஆமா. ஊத்தத்தான் செய்யுது."
பிறகு,
"சரி, அந்தக் கதவ சாத்திட்டு வந்து பேசுங்க.
நீங்க சொல்றது ஒண்ணுமே கேக்கல."